அப்பாவின் வருமானத்தை நீதிமன்றம் எப்படிக் கணக்குப் பார்க்கிறது?

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகள், உறுப்பினர்கள் முன்பு பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எப்பவும் பேசுகிற நாம், இன்றைக்கு வேறொரு கணக்கைப் பற்றிப் பேசப்போகிறோம். விட்டுட்டுப் போன அப்பா, பிள்ளைகளுக்கு மாசாமாசம் எவ்வளவு தரணும் என்கிற கணக்கு. இதைத்தான் ஜீவனாம்சம் என்று சொல்கிறோம்.

நாங்கள் களப்பணிக்குப் போகிற ஊர்களில் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இதுதான்: "கேஸ் போட்டா மட்டும் என்ன கிடைக்கப்போகுது? எனக்கு வருமானமே இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னார்னா முடிஞ்சு போச்சே?" இந்தப் பயத்தாலேயே பல பேர் கோர்ட்டுப் பக்கம் போவதில்லை. ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேசி வாங்கித் தருகிற தொகையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஒரு வருஷத்தில் அது கரைந்து போகிறது. பிள்ளைக்கு ஆறு வயசு. இன்னும் பன்னிரண்டு வருஷம் வளர்க்க வேண்டியிருக்கிறது.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். "வருமானம் இல்லை" என்று வாயால் சொன்னால் மட்டும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது. அதே மாதிரி, "அவருக்கு நிறைய வருமானம்" என்று நாம் வாயால் சொன்னாலும் போதாது. இரண்டு பக்கமும் காகிதம் வேணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. அதில் இதே விஷயம் 144-ஆவது பிரிவில் இருக்கிறது. பெயரும் நம்பரும்தான் மாறியிருக்கு. உரிமை அப்படியே இருக்கு.

போதிய வசதி உள்ள ஒருத்தர், தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத மனைவியையும் பிள்ளைகளையும் கவனிக்காமல் விட்டால், மாதாமாதம் பணம் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவு போடலாம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் இல்லை. முறைப்படி கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. 18 வயது வரை கேட்கலாம். உடல் குறையோ மனநலக் குறையோ இருந்து சம்பாதிக்க முடியாத பிள்ளையாக இருந்தால் 18-க்குப் பிறகும் கேட்கலாம். இந்துக் குடும்பத்தில், தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத கல்யாணமாகாத பெண்பிள்ளை 18 வயசுக்கு மேலும் கேட்பதற்கு 1956-ஆம் வருஷச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது.

ஒரு காலத்தில் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. 2001-இல் திருத்தம் கொண்டுவந்து அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது அவரவர் நிலைமையைப் பார்த்துத் தொகை முடிவாகிறது. நிலைமையைப் பார்ப்பது என்றால் எப்படி? அதுதான் இன்றைக்கு நாம் பேச வேண்டியது.

நாம் கடன் கொடுக்கிற மாதிரிதான்

குழுவில் ஒரு உறுப்பினர் கடன் கேட்டால் நாம் என்ன செய்வோம்? வீட்டில் யார் யார் சம்பாதிக்கிறார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், நிலம் உண்டா, மாடு உண்டா, வெளிக்கடன் எவ்வளவு, மாசம் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்க்கிறோம். நீதிமன்றம் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இதை ஒழுங்குபடுத்தி 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இரண்டு பேருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் எழுதி ஒரு பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யணும். அதற்கு ஒரு படிவமே கொடுத்திருக்கிறார்கள். விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவம். நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், போன மூணு வருஷத்தில் என்ன வருமானம், குத்தகைக்கு எடுத்திருக்கிறாரா, ஆடு, மாடு, கோழி, மீன் வளர்ப்பு உண்டா, நிலத்தின் மேல் கடன் உண்டா என்று எல்லாம் கேட்கிறது அந்தப் படிவம். இதில் பொய் எழுதினால் அதற்காகவே தனியாக நடவடிக்கை எடுக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள், அன்றாடக் கூலி வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு இந்தப் பத்திரத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஏழைகளை அலைக்கழிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனாலும் நம் வீட்டுக்காரர்களில் பலர் கொத்தனார், பெயிண்டர், லோடு ஏற்றுபவர், டிரைவர். அவர்களிடம் சம்பளச் சீட்டு கிடையாது. அவர் பத்திரம் தாக்கல் செய்யாவிட்டால், அவர் என்ன சம்பாதிக்கிறார் என்று நீதிபதிக்குத் தெரிய நம் பக்கத்துக் காகிதம்தான் வழி.

"வேலை இல்லை" என்றால்?

கையில் இருக்கிற பணத்தை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை. சம்பாதிக்கும் திறமையையும் பார்க்கிறது. உடம்பில் தெம்பு இருக்கிற ஆள், தொழில் தெரிந்த ஆள், வேணும்னே வீட்டில் உட்கார்ந்தால் அது சாக்கு ஆகாது.

2022 செப்டம்பரில் அஞ்சு கர்க் என்ற பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. தொழில் நின்றுபோச்சு, வருமானம் இல்லை என்று கணவர் சொன்னார். நல்ல உடல் திறன் உள்ளவர் உடல் உழைப்புச் செய்தாவது மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகனுக்கு ஏற்கெனவே மாதம் 6,000 ரூபாய் உத்தரவாகியிருந்தது. அதோடு மனைவிக்கும் மாதம் 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள்.

நிஜமாகவே படுத்த படுக்கையாக இருக்கிறவர், விபத்தில் கை கால் போனவர் என்றால் அது வேறு. அதையும் நீதிமன்றம் பார்க்கும். பார்க்கவும் வேணும்.

எதைக் கழிப்பார்கள், எதைக் கழிக்க மாட்டார்கள்?

சம்பளக்காரராக இருந்தால் வருமான வரி, வருங்கால வைப்பு நிதி மாதிரி கட்டாயப் பிடித்தங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பார்கள். அவராக விரும்பி வாங்கிய வண்டிக் கடன், தனிநபர் கடன் தவணையைக் காட்டி "கையில் ஒண்ணும் மிஞ்சலை" என்று சொன்னால் அதைப் பொதுவாக ஏற்பதில்லை. அவர் குடிக்கிற செலவெல்லாம் கழிவில் வராது.

அதே சமயம் அவருடைய சாப்பாடு, இருப்பிடம் போன்ற நியாயமான செலவையும், அவர் காப்பாற்ற வேண்டிய வயசான அப்பா அம்மாவையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். அவரைப் பட்டினி போட்டு நமக்கு வாங்கித் தருவது சட்டத்தின் நோக்கம் இல்லை.

"நாலில் ஒரு பங்கு கிடைக்கும்" என்று சிலர் சொல்வார்கள். 2017-இல் ஒரு வழக்கில் கணவருடைய நிகர சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் எல்லா வழக்குக்கும் பொருந்துகிற ஒரே சூத்திரம் எதுவும் இல்லை என்று 2020 தீர்ப்பு தெளிவுபடுத்திவிட்டது. கூடவும் வரலாம், குறையவும் வரலாம். அதனால் விகிதத்தை நம்பி உட்காராமல் நம் கணக்கைச் சரியாகப் போடணும்.

அம்மாவின் வருமானத்தையும் பார்ப்பார்கள்

பிள்ளை இரண்டு பேருக்கும் சொந்தம். அம்மாவும் சம்பாதித்தால் செலவைப் பங்கு போடலாம். 2000-இல் பத்மஜா சர்மா வழக்கில் அம்மாவும் வேலை பார்த்தவர். பிள்ளைகளின் செலவில் அப்பா இரண்டு பங்கு, அம்மா ஒரு பங்கு என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. வருமானத்துக்குத் தகுந்த மாதிரி பங்கு.

இதைக் கேட்டதும் சில பேருக்கு, "அப்போ நான் தையல் தைக்கிறதைச் சொல்ல வேண்டாமே" என்று தோணும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மறைத்தது தெரிந்தால் நாம் சொல்கிற உண்மைகளையும் நீதிபதி நம்ப மாட்டார். உயிர் பிழைக்க ஏதோ நாலு காசு சம்பாதிக்கிறாள் என்பதற்காக ஜீவனாம்சத்தை மறுக்கக் கூடாது என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பயப்படாமல் உள்ளதைச் சொல்லலாம்.

நம் குழு உறுப்பினர்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். எதிர்த் தரப்பு வக்கீல், "இவங்க மகளிர் குழுவில் இருக்காங்க, 50,000 ரூபாய் வாங்கியிருக்காங்க, வசதியானவங்க" என்று சொல்லலாம். கடன் வருமானம் ஆகாது. அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். எவ்வளவு வாங்கினோம், எதுக்கு வாங்கினோம், மாசம் எவ்வளவு கட்டுகிறோம் என்று பாஸ்புக்கில் இருக்கிறது. அதன் நகலைக் காட்டினால் போதும்.

பிள்ளையின் செலவுக் கணக்கு

சாப்பாடு, துணிமணி, தங்கும் இடம், வைத்தியம், படிப்பு எல்லாம் பிள்ளையின் செலவில் சேரும் என்று 2020 தீர்ப்பு சொல்கிறது. டியூஷன், தொழிற்பயிற்சிச் செலவும் நியாயமான அளவில் சேரும். படிப்புச் செலவை வழக்கமாக அப்பா ஏற்கணும் என்றும், அம்மா போதுமான அளவு சம்பாதித்தால் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகள், அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு இப்படி வருகிறது:

அரிசி, மளிகை, காய்கறி – 3,000
பால், முட்டை – 900
நோட்டு, பேனா, வேன், தின்பண்டம் – 1,200
டியூஷன் – 600
மருந்து, ஆஸ்பத்திரி – 500
துணி, செருப்பு (வருஷத்துக்கு 6,000) – 500
வீட்டு வாடகை, கரண்டில் பிள்ளைகள் பங்கு – 1,500
மொத்தம் – 8,200 ரூபாய்

அப்பா கொத்தனார். நாளைக்கு 900 ரூபாய் கூலி, மாசம் 20 நாள் வேலை என்றால் 18,000. அம்மா தையலில் 6,000 சம்பாதிக்கிறார். இரண்டு பேர் வருமானமும் மூணுக்கு ஒண்ணு. அந்தப் பங்குப்படி அப்பா 6,150, அம்மா 2,050 தரணும். நீதிபதி இதே தொகையைத்தான் போடுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படி எழுதிக் கேட்பதற்கும், "பார்த்துப் போட்டுக் கொடுங்க ஐயா" என்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா? இது பிள்ளைகளுக்கு மட்டும். மனைவி தனக்காகவும் தனியாகக் கேட்கலாம்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற செலவு, தீபாவளித் துணி மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற செலவை எழுத மறந்துவிடுகிறோம். அதை 12-ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேர்க்கணும். கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம்.

என்னென்ன காகிதம் சேர்க்கலாம்?

• அவர் கம்பெனியிலோ அரசு வேலையிலோ இருந்தால், எங்கே வேலை என்ற விவரம். சம்பளச் சான்று நமக்குக் கிடைக்காவிட்டால், அதை வரவழைக்கும்படி நீதிமன்றத்தையே கேட்கலாம்.
• கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை நகல். என்ன தொழில் தெரிந்தவர் என்பதற்கு அது சாட்சி.
• பட்டா, சிட்டா, அடங்கல். கூட்டுப் பட்டாவாக இருந்தாலும் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.
• வில்லங்கச் சான்று. நம்மை விட்டுப் போன பிறகு நிலத்தை விற்றிருந்தாலோ அண்ணன் தம்பி பெயருக்கு மாற்றியிருந்தாலோ அதில் தெரியும்.
• நெல் கொள்முதல் ரசீது, பால் சொசைட்டி புத்தகம், கரும்பு ஆலைச் சீட்டு.
• வண்டி, ஆட்டோ, டிராக்டர் நம்பர், போட்டோ.
• முன்பு அவர் நமக்கு ஜிபேயில் அனுப்பிய பணத்தின் விவரம், வங்கிப் பாஸ்புக் நகல்.
• அவரோடு வேலை பார்த்தவர், மேஸ்திரி யாராவது சாட்சி சொல்ல முன்வந்தால் அவர் பெயர்.

அவர் போனைத் திருடுவது, பூட்டை உடைத்துக் காகிதம் எடுப்பது எல்லாம் வேண்டாம். அது நம் மேலேயே கேஸாகத் திரும்பும். முழு விவரம் கிடைக்கவில்லையே என்றும் சோர்ந்து போகாதீர்கள். ஒருத்தர் உண்மையை மறைத்தால், இருக்கிற விவரத்தை வைத்து நீதிமன்றம் நியாயமாக ஊகித்துத் தொகை போடலாம். ஊகிக்கவும் ஏதாவது ஒரு பிடி வேணும். அதைத்தான் நாம் கொடுக்கிறோம்.

மனுப் போட்ட பிறகு

நாம் இப்போது குடியிருக்கிற ஊருக்கான நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். அவர் திருப்பூரில் இருந்தாலும் நாம் திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீல் பீஸுக்குப் பணம் இல்லை என்றும் தயங்க வேண்டாம். 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போன 60 நாளுக்குள் கூடுமானவரை இதை முடிக்கணும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாமதம் ஆகிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் மனுப் போட்ட தேதியில் இருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020 தீர்ப்பு சொல்லிவிட்டது. அதனால் "அடுத்த தை வரட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால், நஷ்டம் நம் பிள்ளைக்குத்தான்.

உத்தரவு வந்தும் பணம் தரவில்லை என்றால் நிறைவேற்ற மனுப் போடணும். நீதிமன்றம் வாரண்ட் போடலாம், சிறைக்கும் அனுப்பலாம். சிறைக்குப் போய் வந்துவிட்டால் பாக்கி தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. 1988-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் மனுப் போடணும். இதை மறக்கக் கூடாது. எந்த மாசம் வந்தது, எந்த மாசம் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விலைவாசி ஏறினாலோ, பிள்ளை பெரிய வகுப்புக்குப் போனாலோ, அவர் வருமானம் கூடினாலோ தொகையை உயர்த்தக் கேட்கலாம். அவர் நிலைமை மோசமானால் குறைக்க அவரும் கேட்கலாம்.

ஊர்ப் பேச்சில் முத்திரைத்தாளில் "இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்பார்கள். அவசரப்பட்டுப் போடாதீர்கள். ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அதை அம்மா எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் அதோடு முடிந்தது என்று இருக்காமல் சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். இந்த நிலையில் இருக்கிற உறுப்பினருக்கு ஊக்குநரும் பிரதிநிதிகளும் உட்கார்ந்து செலவுக் கணக்கு எழுதித் தரலாம். முதல் வாய்தாவுக்கு ஒருத்தர் கூடப் போகலாம். கோர்ட்டுப் படி ஏறும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாலே பாதித் தைரியம் வந்துவிடும். அவருடைய குடும்ப விஷயத்தைத் தெருவில் பேசாமல் இருப்பதும் நாம் செய்கிற உதவிதான்.

பேரேடு எழுதத் தெரியாது என்று சொன்ன நாம்தான் இன்று லட்சக்கணக்கில் வரவு செலவு எழுதுகிறோம். தணிக்கைக்கு வருகிறவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறோம். அதே கையால் நம் பிள்ளைகளின் கணக்கையும் எழுதுவோம். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டு எடுத்து, பிள்ளைக்கு இந்த மாசம் என்ன செலவாச்சு என்று முதல் வரியை எழுதிவிடுங்கள்.